என் பெயரில் ஒரு கம்பனி

9 மார்ச் 2004, செவ்வாய்

இன்றும் சொல்லவில்லை. யூலையில் வேலையை விட்டுவிட்டு ரொறன்ரோவுக்குப் போகிறேன் என்ற ஒரு வசனம்தான். காலையில் பஸ்ஸில் அதை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். போனால், முதலாளி டாக்டர் ஹாத்தெம் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு கெய்ரோவுடன் அரபியில் பேசிக்கொண்டிருந்தார். கதவைச் சாத்துகிற மனிதர் இல்லை அவர்.

என் கணவர் கிருபா ரொறன்ரோவில் வேலை எடுத்து இது இரண்டாவது குளிர்காலம். வெள்ளி பின்னேரம் பஸ் பிடித்து வருகிறார், ஞாயிறு பின்னேரம் திரும்பிப் போகிறார். இதுவும் ஒரு குடும்பமா?

ஆனாலும் டாக்டரிடம் "போகிறேன்" என்று சொல்ல வாய் வருகுதில்லை. பேராதனையில் பாதியில் விட்ட பொறியியல் படிப்போடு இந்த நகரத்தில் நான் ஏறி இறங்காத கம்பனி இல்லை. எல்லோரும் சான்றிதழ் கேட்டார்கள். இவர் மட்டும் ஒரு சோக்கட்டியைத் தந்து, பலகையில் நிரலை எழுதிக் காட்டச் சொன்னார். பிறகு, "திங்கட்கிழமை வா" என்றார்.

12 மார்ச், வெள்ளி

டாக்டர் என்னைக் கூப்பிட்டு இருக்கச் சொன்னார். அவரை எகிப்தில் அமைச்சராக்கப் போகிறார்களாம். தொலைபேசி, இணையம் எல்லாம் அவர் கையில் வரும். முப்பது வருடமாக மென்பொருள் எழுதிய மனிதர்! சிரித்தார்.

"அம்மாவும் அண்ணன்மாரும் அங்கே இருக்கிறார்கள். கூப்பிட்டால் போகாமல் இருக்க முடியாது, சுகிர்தா."

அமைச்சருக்குச் சொந்தமாகக் கம்பனி இருக்கக் கூடாதாம். பங்குகளை என் பெயருக்கு மாற்றித் தருகிறாராம். ஒரு வருடம்தானாம். "உன்னைத் தவிர யாரை நம்புவேன்?"

ஓம் என்று தலையாட்டிவிட்டு வெளியே வந்தேன். என்னுடைய வசனம் வாய்க்குள்ளேயே கிடந்தது.

13 மார்ச்

கிருபாவிடம் சொன்னேன். சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்தார்.

"ஓம் எண்டு சொல்லிப்போட்டீரோ?"

"ஒரு வருசம் தானேயப்பா."

"என்னட்டை ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாம்."

எழும்பிக் கை கழுவப் போனார். சத்தம் போட்டிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

17 மே

டாக்டர் பதவி ஏற்றுவிட்டார். படத்தை இணையத்தில் பார்த்தோம். கறுப்புக் கோட்டு, பக்கத்தில் யாரோ பெரியவர்கள். அலுவலகத்தில் கேக் வெட்டினோம். எல்லோரும் எனக்குத்தான் கை கொடுத்தார்கள். ஏன் என்று விளங்கவில்லை — பிறகு விளங்கியது. முதலாளி நான்.

16 சனவரி 2005, ஞாயிறு

எகிப்தில் ஞாயிறு வேலை நாள். அதனால் டாக்டருடைய அழைப்பு ஞாயிறு காலையில்தான் வருகிறது. யாரை எந்த வேலையில் போடுவது, எந்த வாடிக்கையாளருக்கு என்ன பதில் எழுதுவது, எல்லாம் அங்கிருந்தே சொல்கிறார். நான் தொலைபேசியும் கையுமாகக் குசினிக்குள் நிற்பேன். கிருபா மகள் நிருஷாவுக்குத் தலை இழுத்துவிட்டு, சப்பாத்துப் போட்டு, பார்க்குக்குக் கூட்டிப் போய்விடுவார். இன்றைக்கு அழைப்பு மத்தியானம் தாண்டி முடிந்து, நான் இறங்கி ஓடிப் போய்ச் சேர, அவருக்குப் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

நிருஷா அவரிடம் பிரெஞ்சில் ஏதோ கேட்டாள். கராதெரியில், பிள்ளைகள் காப்பகத்தில், பழகியது. அவருக்கு விளங்கவில்லை. என்னைப் பார்த்தார். "ஏன் எப்பவும் போறியள் எண்டு கேக்கிறாள்" என்று சொன்னேன். சொல்லியிருக்கத் தேவையில்லை.

11 மே

ஒரு வருடம் முடிகிறது. தொலைபேசியில் டாக்டரிடம், "பங்குகளைத் திருப்பி எடுங்கள்" என்றேன். "இப்போது எப்படி முடியும்? இன்னும் ஒரு வருடம்" என்றார். பின்னால் யாரோ அவரைக் கூப்பிட்டார்கள். வைத்துவிட்டார்.

22 செப்ரெம்பர், வியாழன்

டாக்டர் ஒரு மாநாட்டுக்கு இங்கே வந்திருக்கிறார். ஹோட்டல் அறை வாசலில் இரண்டு பேர் காவல். எனக்குத் தேநீர் ஊற்றித் தந்தார், பழைய மாதிரி. தலைக்கு மை பூசியிருந்தார். கண்ணுக்குக் கீழே மட்டும் வயது தெரிந்தது.

அமைச்சு ஒரு டெண்டர் விடப் போகிறதாம். நாடு முழுக்கத் தொலைபேசிக் கட்டணத்தைக் கணிக்க ஒரு மென்பொருள். "நீ விண்ணப்பி" என்றார்.

"முடிவு எடுப்பது யார்?"

"நான்தான்."

"அப்படியென்றால் கம்பனி உங்களுடையது என்று அதில் எழுதலாமா?"

வாசல் பக்கம் ஒருமுறை பார்த்தார். பிறகு மெதுவாக: "மற்றவர்கள் கொடுக்கப் போவது குப்பை. நம்முடையது நல்லது, நானே எழுதியது. அது வேலை செய்யும். வேலை செய்யாவிட்டால் என்னைத் தூக்கி எறிவார்கள். நான் திருடவில்லை, சுகிர்தா."

பொய் சொல்லவில்லை என்றுதான் நினைக்கிறேன். அதனால்தான் எனக்கு இவ்வளவு பயம்.

28 செப்ரெம்பர்

சுப்புராஜ் வந்து நின்றான். சென்னையிலிருந்து வந்த பொடியன்; அவனுடைய வேலை அனுமதி எங்கள் கம்பனி பெயரில்தான் இருக்கிறது. மனைவி கயல் ஏழு மாதம்.

"மேடம், ஈஜிப்ட் டெண்டர் வருதாமே? அது கெடச்சா நம்ம எல்லாருக்கும் நிம்மதி, இல்ல? ரெண்டு கஸ்டமர் போனதுலேர்ந்து கயலுக்குத் தூக்கமே இல்ல."

பார்க்கலாம் என்றேன். இந்தப் பக்கம் அவர், அந்தப் பக்கம் இவர்கள், ரொறன்ரோவில் கிருபா. நான் எங்கே நிற்கிறது? காலையில் கம்பனிக் கதவைத் திறக்கத் திறப்பை எடுத்தால் கை கூசுது. பூட்டிப்போட்டு எங்கையாவது ஓடினால் என்ன!

1 ஒக்ரோபர், சனி

எல்லாவற்றையும் கிருபாவிடம் கொட்டினேன். அழுதேன். அவர் சாறனோடு கட்டிலில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

"உந்தக் கம்பனி ஆற்றை?"

"டாக்டரின்ரை."

"கையெழுத்து ஆற்றை?"

"என்ரை."

"அப்ப ஏதும் பிழையெண்டால் ஆரைப் பிடிப்பாங்கள்?"

"... என்னை."

"பிடிக்கேக்கை உம்மடையெண்டால், முடிவெடுக்கேக்கையும் உம்மடை தானே."

ஒன்றரை வருடமாக இது ஏன் எனக்குத் தோன்றவில்லை?

2 ஒக்ரோபர், ஞாயிறு

அழைப்பு வந்தது. கிருபா பார்க்குக்குப் போகவில்லை. பக்கத்தில் இருந்தார்.

"நான் விண்ணப்பிக்க மாட்டேன்."

"அது உன்னுடைய முடிவு இல்லை."

"என்னுடைய முடிவுதான், டாக்டர். நீங்கள்தான் தந்தீர்கள். கம்பனியை விற்கப் போகிறேன். வருகிற விலை முழுக்க உங்களுக்கு."

அரபியில் ஏதோ சொன்னார். பிறகு ஆங்கிலத்தில்: "உனக்கு நான் செய்ததற்கு இதுதானா?"

வைத்துவிட்டார். சோக்கட்டியும் பலகையும் கண்ணுக்குள் நின்றன. நன்றி கெட்டவள் என்று ஆகிவிட்டேனா? கிருபா தேத்தண்ணி போட்டுத் தந்தார்.

24 பெப்ரவரி 2006

விற்றாயிற்று. லவால் பக்கத்துக் கம்பனி ஒன்று வாங்கியது. ஒருவரையும் நிறுத்தக் கூடாது, சுப்புராஜின் அனுமதியைப் புதுப்பிக்க வேண்டும் என்று நின்றேன், சம்மதித்தார்கள். பதிலுக்கு அவர்கள் கேட்டது: நான் இன்னும் ஒரு வருடம் இருந்து நடத்திக் கொடுக்க வேண்டும்.

இன்னும் ஒரு வருடம்! கிருபாவுக்குத் தொலைபேசியில் சொன்னேன். "சரி, இரும்" என்றார்.

டாக்டரின் வக்கீல் வந்து விலையை வாங்கிக்கொண்டு போனார். டாக்டரிடமிருந்து ஒரு சொல்லும் இல்லை.

8 டிசெம்பர்

டாக்டர் ஹாத்தெமை அமைச்சரவையிலிருந்து எடுத்துவிட்டார்கள். காரணம் சொல்லவில்லை. டெண்டர் கிடைத்த கம்பனியின் மென்பொருள் ஓடவில்லையாம், மக்களுக்குத் தாறுமாறாகப் பில் போனதாம். அவர் சொன்னதுதான் நடந்தது.

19 யூன் 2007, செவ்வாய்

ஒரு பெண் தொலைபேசியில் வந்தாள். ஐரோப்பாவில் ஒரு பெரிய தொலைபேசிக் கம்பனியின் வக்கீலாம். டாக்டரை உயர் பதவியில் எடுக்க யோசிக்கிறார்கள். "அமைச்சராக இருந்தபோது உங்களிடம் முறைகேடாக ஏதாவது கேட்டாரா?" என்றாள். தன்னை முந்தி அறிந்தவர்களில் நம்பிக்கையானவள் என்று என் பெயரைக் கொடுத்தது அவரேதானாம்.

இல்லை என்ற ஒரு சொல் போதும். அவர் என்ன எதிர்பார்த்து என் பெயரைக் கொடுத்தார்? நான் மறைப்பேன் என்றா? இல்லை, நான் மறைக்க மாட்டேன் என்று தெரிந்துமா?

"கேட்டார்" என்றேன். "நான் மறுத்தேன். பிறகு கேட்கவில்லை. விற்க விட்டார். பழி வாங்கவில்லை. அதையும் எழுதுங்கள்."

எழுதினாளோ தெரியாது.

1 யூலை 2007, ஞாயிறு

வாடகை ஒப்பந்தங்கள் முடிந்து ஊர் முழுக்க வீடு மாறுகிற நாள்; நாங்களும் ரொறன்ரோவுக்கு. பார்க் எக்ஸ்டென்ஷன் தெருவெல்லாம் மெத்தையும் பிரிட்ஜும். எங்கள் சோபா வெளிப்படிக்கட்டின் வளைவில் இறுகிவிட்டது. மேலே கிருபா, கீழே நான், லொறிக்காரன் ஹோர்ன் அடித்துக்கொண்டு நிற்கிறான். "சரியும், சரியும்! ஐயோ, மற்றப் பக்கம்!"

நிமிர்ந்தால் டாக்டர் ஹாத்தெம். தனியாக. மை பூசாத தலை முழுக்க வெள்ளை. எங்கள் முகவரியை யோசெப் கொடுத்தானாம்; பழைய அலுவலகத்தில் எனக்கு அடுத்த மேசையில் இருந்தவன்.

"உன்னிடம் கேட்டார்கள், இல்லையா?"

"ஓம். உள்ளதைச் சொன்னேன்."

தலையை ஆட்டினார்.

"அந்த வேலை போய்விட்டது. இப்போது குவைத்தில் ஒரு கம்பனி. பெரிய பதவி. அடுத்த மாதம் போகிறேன்." சோபாவைப் பார்த்தார். "அவர்கள் யாரையும் கேட்கவில்லை."

வாழ்த்துச் சொல்வதா, மன்னிப்புக் கேட்பதா? இருக்கச் சொல்ல ஒரு கதிரைகூட வீட்டில் இல்லை.

கிருபா மேலேயிருந்து எட்டிப் பார்த்தார். "சேர், இஃப் யூ டோன்ட் மைன்ட்... அந்தக் காலை ஒருக்கால் தூக்குங்கோ."

தமிழ்ப் பாதி அவருக்கு விளங்கியிருக்காது. கோட்டைக் கழற்றினார். படிக்கட்டுக் கைப்பிடியில் போட்டார். எனக்குப் பக்கத்தில் வந்து குனிந்து சோபாவின் காலைப் பிடித்தார்.

சோபா இறங்கியது.