சந்தனம் கலைந்துவிடும் என்று

புதுக்கோட்டை,
சுபானு வருஷம், ஐப்பசி 10

சௌபாக்கியவதி சொர்ணவல்லிக்குக் குழந்தைசாமி எழுதுவது. ஆசீர்வாதம் என்று ஆரம்பிக்கத்தான் பேனாவை எடுத்தேன். எந்த முகத்தோடு எழுதுவது? நான் இங்கே சுகம். அதுதான் எனக்கே பொறுக்கவில்லை.

உன் வலது கை எப்படி இருக்கிறது? விரல்கள் மடங்குகின்றனவா? கட்டுப் பிரிக்கத் திருவரங்குளத்திலிருந்து ஆஸ்பத்திரிக்கு வரும்போது மாட்டு வண்டி வேண்டாம், குலுக்கும். நாகராசு மச்சானோடு பஸ்ஸில் வா. பசு உன்னைத்தான் தேடுகிறது. என்னைக் கண்டால் உதைக்கிறது. எதிர்வீட்டு மீனம்மாள்தான் கறந்து கொடுக்கிறாள். அவளும் என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

யுத்தத்தால் தோட்டாவுக்குத் தட்டுப்பாடு, சப்-இன்ஸ்பெக்டர்கள் வெறும் ரிவால்வரை வைத்து வீட்டிலேயே பழகவேண்டும் என்று உத்தரவு வந்தபோது, "சோறில்லாம சாப்பிட்டுப் பழகச் சொல்றாகளா?" என்று கேட்டுச் சிரித்தாய். ஆனாலும் என்னைவிட நீதான் ஒழுங்காக இருந்தாய். தோட்டாக்களை நீயே வாங்கிக்கொண்டு போய் அடுக்களையில் வைப்பாய். தோட்டா அறைகளை நான் திறந்து பார்த்து, விரல் விட்டும் பார்த்த பிறகுதான் குழல்மேல் அம்மன் காசை வைப்பாய். தெற்குக் கருங்கல் சுவரில் சுண்ணாம்புப் பொட்டைக் குறி பார்த்து, காசு விழாமல் விசையை இழுக்கவேண்டும். விழுந்தால் உன் கேலி தாங்காது.

ஆயுத பூசையன்று எதையும் வெறுமையாகச் சாமி முன்னால் வைக்கக்கூடாது என்று முறத்தில் நெல் போட்டாய், குடத்தில் தண்ணீர் ஊற்றினாய். ரிவால்வரிலும் தோட்டாக்களைப் போட்டு, சந்தனம் குங்குமம் வைத்தாய். போட்டதை என்னிடம் சொல்லவும் செய்தாய். மணியை ஆட்டிக்கொண்டே நான் "ம்" என்றேன். காதில் விழுந்தது, சொர்ணம். மனசில்தான் நிற்கவில்லை.

மறுநாள் விஜயதசமி. பூசையில் வைத்த ஆயுதத்தை ஒரு தடவையாவது உபயோகிக்கவேண்டும் என்று காலையில் கையில் எடுத்தேன். திறந்தால் சந்தனம் கலைந்துவிடும் என்று திறக்கவில்லை. நல்ல நாளில் தெற்கே பார்க்கவேண்டாம் என்று கிழக்கே திரும்பினேன். கிழக்கே அடுக்களைக் கதவு இருந்தது. கதவுக்குப் பின்னால் நீ இருந்தாய். விசையை இழுத்தேன். தோட்டா பலகையைத் துளைத்துக்கொண்டு போய் உன் மணிக்கட்டில் பாய்ந்தது.

இதுவரை உனக்குத் தெரியும். தெரியாததைச் சொல்கிறேன். விசாரணையில், தோட்டா போட்டதை என் மனைவி எனக்குச் சொல்லவில்லை என்று வாக்குமூலம் கொடுத்துவிட்டேன். உத்தியோகம் போய்விடுமே என்ற பயம். வெட்கங்கெட்ட பயம். விசாரித்தவர்கள் அடுத்து உன்னிடம் வந்தார்கள். நான் வார்டுக்கு வெளியே நின்றேன். "அவுககிட்ட நான் சொல்லலைங்க, என் தப்புத்தான்" என்று வலியோடு நீ சொன்னது எனக்குக் கேட்டது. நான் என்ன சொல்லியிருப்பேன் என்று நீயாகவே ஊகித்துக்கொண்டாயா?

எனக்கு வெறும் எச்சரிக்கையோடு முடிந்தது. ஊர் முழுக்க உன்னைத்தான் பேசுகிறது, புத்தியில்லாத பெண்பிள்ளை என்று. நான் தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை பெரிய அதிகாரியைப் பார்த்து நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுக்கப்போகிறேன். உடுப்பைக் கழற்றச் சொன்னால் கழற்றிவிடுகிறேன். திருவரங்குளத்தில் உங்கள் வீட்டு வயலில் ஏர் பிடிக்க விடுவார்களோ என்னவோ, அதைப் பிறகு பார்க்கலாம்.

உங்கள் ஊர் ஈசுவரன் உன் கையைப் பழையபடி ஆக்கிக் கொடுக்கட்டும். நான் எழுதிக் கொடுத்த பிறகு மறுபடியும் உன்னிடம் வந்து கேட்பார்கள். உன் காலைத் தொட்டுக் கேட்கிறேன். தோட்டா போட்டதைச் சொன்னேன் என்று சொல். இந்தத் தடவை என்னைக் காப்பாற்றிவிடாதே.

குழந்தைசாமி