இறங்குவதற்கும் முன் சக்கரம்

மச்சான்,

நேற்று தோட்டத்துக்குப் புது டிராக்டர் வந்தது. முன் சக்கரங்களுக்கும் இழுவை கொடுக்க இனி லிவரை இழுக்க வேண்டாம். ஒரு சுவிட்சைத் தட்டினால் போதும். தட்டினேன். மஞ்சள் விளக்கு எரிந்தது. உடனே உன் நினைப்பு வந்துவிட்டது. நீயாக இருந்தால் விளக்கை நம்பாமல் இறங்கிக் குனிந்து பார்த்திருப்பாய். குளுவாங் பசாரில் மீன் வாங்கினாலும் நீ அப்படித்தான். உன்னைக் கண்டாலே மீன்காரச் சீனர் தானாகச் செவுளைத் தூக்கிக் காட்டுவார். சரி, மீன் கதை கிடக்கட்டும்.

அந்த மழைநாளைச் சொல்ல வேண்டும். சேற்றில் மேடு ஏற லிவரை இழுத்து முன் சக்கரத்தைப் போடுவோம், ஏறியதும் எடுத்துவிடுவோம். தார் ரோட்டில் போட்டு ஓட்டினால் டயர் தேயும் என்று நம்மை மேய்க்கிற மண்டோர் நாளெல்லாம் கத்துவாரே, அந்தப் பயத்தில் வந்த பழக்கம். நானும் டிரேலர் நிறைய, எண்ணெய் ஆலைக்குப் போகும் செம்பனைக் குலையோடு உச்சியில் லிவரை எடுத்துவிட்டு இறங்கப் போனேன். காலி டிரேலரோடு எதிரே வந்த நீ, வண்டியைக் குறுக்கே போட்டாய்.

"முன் சக்கரத்த எடுத்துட்டியா?"

"ஏறியாச்சுல்ல, இனி எதுக்குலா?"

"எறங்கத்தான்டா. உன் பிரேக்கு பின்னால மட்டுந்தான் பிடிக்கும். முன்னாலயும் போட்டாத்தான் நாலும் சேந்து பிடிக்கும். லோடு தள்ளுதுல்ல?"

"டயர் தேஞ்சா மண்டோருக்கு யாரு பதில் சொல்றது?"

"நீ கட்டையில போனா உன் பொண்டாட்டிக்கு யாரு பதில் சொல்றது? என் தங்கச்சிடா அவ."

குலை ஏற்றும் ஆட்கள் சிரித்தார்கள். எனக்கு மானம் போயிற்று. உன்னை வாய்க்குள் திட்டிக்கொண்டே லிவரைப் போட்டு, சின்ன கியருக்கு மாற்றினேன். "நடுவுல கிளச்ச மிதிச்சிராத, வண்டி தானா ஓடிரும்" என்று சொல்லிவிட்டுத்தான் வழிவிட்டாய்.

பாதி இறக்கத்தில் டிரேலர் பின்னாலிருந்து முட்டியது. பின் சக்கரங்கள் சேற்றில் பக்கவாட்டில் வழுக்கின. இடப்பக்கம் பள்ளம். முன் சக்கரங்கள் மண்ணைப் பிடித்துக்கொண்டன, அதனால் பள்ளத்தில் விழவில்லை. அப்படியே மெதுவாகக் கீழே வந்து சேர்ந்தேன்.

மறுநாள் கடையில் உனக்கு நுரை பொங்க ஆற்றிய டீ, ஒரு தே தாரிக் வாங்கிக் கொடுத்தேன். "என்னடா அதிசயம்?" என்றாய். "சும்மாதான்" என்றேன். வழுக்கியதைச் சொன்னால் நீ ஜெயித்ததாகிவிடுமே.

இப்போதும் இறக்கத்துக்கு முன் நின்று, போட்டுவிட்டுத்தான் இறங்குகிறேன். தார் ரோட்டுக்கு வந்ததும் எடுத்துவிடுகிறேன். பின்னால் வரும் லோரிக்காரன் ஹாரன் அடிப்பான். அடிக்கட்டும்.

நீ கண்ணை மூடி எட்டு மாதம் ஆகிறது. இப்போதுதான் சொல்கிறேன்: அன்று வழுக்கியது, மச்சான். சாயங்காலம் வீட்டுக்குப் போய் உன் தங்கச்சி போட்ட சோற்றைத் தின்றேன். அன்றிலிருந்து இன்றுவரை தின்கிற சோறெல்லாம் நீ வழியை மறித்ததால் கிடைத்தது.