ரொட்டி வண்டிக்கு நாலு சக்கரம்

மரக்காணம்,
மாசி மகம் முடிந்த வெள்ளிக்கிழமை.

அன்பு மகள் பூங்குழலிக்கு, அப்பா சொல்லச் சொல்ல உன் அண்ணி நிவேதா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் அரவிந்தனும் அண்ணியும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், அம்மாவுக்கு மட்டும் முட்டி கொஞ்சம் பிடித்துக்கொள்கிறது, நீ அனுப்பிய தைலத்தை வாசனைக்காகவே தினமும் தடவிக்கொள்கிறாள். அந்தக் கனடா குளிரில் நீயும் சளி இருமல் அண்டாமல் இருக்க வேண்டும் என்று அம்மனிடம் நேருக்கு நேராகவே கேட்டுவிட்டேன். போனில் பேசக் கூடாதா என்பாய். நீ டூட்டிக்குக் கிளம்புகிற அவசரத்தில் சரிப்பா சரிப்பா வச்சிடட்டுமா என்பாய், இது அப்படி நடுவில் வைத்துவிடுகிற சேதி இல்லை. உட்கார்ந்து வரிசையாகப் படி, கடைசிப் பக்கத்தை முதலில் புரட்டாதே.

உப்பளத்தில் பாத்தி மிதித்து தண்ணீர் விட்டாயிற்று, மழை தள்ளிப் போனதால் இந்த வருஷம் உப்பு பூப்பது கொஞ்சம் தாமதம். அது கிடக்கட்டும். போன வருஷம் மாசி மகத்துக்கு நம் தெரு அம்மன் கடலுக்குப் போக முடியாமல் திரும்பிய கதை உனக்குத் தெரியும். நாட்டாண்மை சுப்ராயன் ஏற்பாடு செய்த மினி லாரி பாத்திக் கரை மேலே ஆமை மாதிரி ஊர்ந்து, வீட்டுக்கு வீடு கற்பூரத்துக்கு நின்று, ரேடியேட்டர் கொதித்துவிட்டது. அந்தப் பொட்டலில் நல்ல தண்ணீர் எங்கே இருக்கிறது, எவனோ அவசரக்காரன் பாத்தித் தண்ணீரையே குடத்தில் மொண்டு ஊற்றிவிட்டான். உப்புக் காய்ச்சுகிற தண்ணீரை என்ஜினுக்குக் கொடுத்தால் என்ன ஆகும், வண்டி அங்கேயே செத்தது, அம்மனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஊர் திரும்பியது. அன்றிலிருந்து தெருவில் எந்தக் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தாலும் கடல் பார்க்காத அம்மன் கோபம் என்றுதான் பொம்பளைகள் பேசினார்கள்.

அதனால்தான் தை மாதக் கோயில் கூட்டத்தில் நான் எழுந்து நின்றேன். குயிலாப்பாளையத்தில் அந்த வெள்ளைக்காரர் ரொட்டி போட்ட காலத்தில் நான் ஓட்டி, அவர் ஊருக்குப் போகும்போது எனக்கே விட்டுப் போன பழைய வேன் வீட்டில் நிற்கிறதே, அதன் என்ஜினுக்குத் தண்ணீரே வேண்டாம், காற்றிலேயே ஆறிக்கொள்ளும், என்ஜின் பின்னால் இருப்பதால் இழுக்கிற சக்கரத்து மேலேயே பாரம் உட்கார்ந்திருக்கும், மணலுக்கு அதைவிட வேறு வண்டி ஏது என்று கேட்டேன். உப்புக் காற்றில் உளுத்த கூரைத் தகரத்தை சீட்டுக்குப் பின்னால் வெட்டி எடுத்திருக்கிறேன், அம்மன் நிமிர்ந்தே உட்காரலாம் என்றும் சொன்னேன். சுப்ராயன் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, "ஏம்பா இருசப்பா, என்ஜினுக்குத் தண்ணி வேணாம், சரி. சக்கரத்துக்கு டயர் வேணுமா, அதுவும் வேணாமா?" என்றான். கூட்டமே சிரித்தது. சிரிக்காமல் என்ன செய்யும், வண்டி செங்கல் மேல் நிற்கிறது, ரிம்மெல்லாம் உப்பு தின்று அப்பளம் மாதிரி இருக்கிறது. எனக்கு ரோஷம் வந்துவிட்டது. மணலில் நின்றுபோனால் மறுநாள் விடிந்ததும் வண்டியைப் பழைய இரும்புக்கு எடை போட்டுவிடுகிறேன் என்று சந்நிதியிலேயே சொல்லிவிட்டேன், அதன் பிறகுதான் கூட்டம் சம்மதித்தது. அன்றைக்கு உன்னிடம் சொன்னபோது நீ என்ன சொன்னாய், இரும்புக்குப் போறதுதான்பா நல்லது, உன் முதுகாவது பொழைக்கும் என்றாய். இந்தக் கடுதாசிதான் பதில்.

முதலில் நான் என் புத்திப்படி, மணலைப் பிறாண்டிக்கொண்டு போகட்டும் என்று, மணிகண்டன் பஞ்சர் கடையில் கிடந்த பட்டன் பட்டனாக முகடு வைத்த டயரைப் பழைய ரிம்மிலேயே மாட்டி சவுக்குத் தோப்புக்குப் பின்னால் ஓட்டிப் பார்த்தேன். ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க நண்டு வளை தோண்டுகிற மாதிரி தோண்டிக்கொண்டு அச்சு வரைக்கும் உட்கார்ந்துவிட்டது. அரவிந்தன் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "ஏம்பா, டயர் வாங்கினியா, மம்மட்டி வாங்கினியா?" என்றான். எனக்கே சிரிப்பு. தோண்டி எடுத்துப் பார்த்தால் ஒரு ரிம் போல்ட் ஓட்டையிலிருந்து விரிசல் விட்டிருந்தது, அந்தப் பழைய ரிம்களோடு கதை முடிந்தது.

அடுத்து அவன் முறை. பாண்டிச்சேரியில் அவன் வேலை பார்க்கிற கார் ஷோரூம் சிநேகிதனிடமிருந்து பளபளவென்று அலாய் வீல் வாங்கிவந்தான், முகம் பார்த்துத் தலை வாரலாம். நம் வண்டிக்கு ஐந்து போல்ட்டும் பெரிய வட்டமாகத் தள்ளித் தள்ளி இருக்கும், வேறு எந்தக் கார் சக்கரமும் உட்காராது. அதற்கு லேத்தில் கொடுத்து நடுவில் ஒரு தட்டு செய்து மாட்டினான். தட்டு வைத்ததும் சக்கரம் வெளியே தள்ளிக்கொண்டது. பார்க்க ஜோர்தான், தெருப் பிள்ளைகள் எல்லாம் போட்டோ பிடித்தார்கள். உப்பு மூட்டை ஏற்றி ஒரு திருப்பு திருப்பினேன், டயர் போய் மட்கார்டில் உரசி ரப்பர் புகை வந்தது. அதோடு அந்த டயர் வளையல் மாதிரி ஒல்லி, பக்கச் சுவரே கிடையாது. மணலில் காற்றைக் குறைத்தால் டயர் பிதுங்கிப் படர வேண்டும், அதற்குச் சுவர் உயரமாக இருக்க வேண்டும், இதில் குறைத்தால் ரிம்தான் தரையில் உட்காரும். இதைச் சொன்னதற்கு உன் அண்ணன் சோறு தின்னாமல் கோபித்துக்கொண்டான். உன் அம்மா கருவாட்டுக் குழம்பு வைத்து சமாதானம் செய்தாள்.

மகம் கிட்டே வந்துவிட்டது, சக்கரம் இல்லை. எனக்கு உள்ளுக்குள் பயம்தான், வெளியே காட்டவில்லை. அப்போதுதான் நிவேதா, அதாவது இதை எழுதுகிறவளே, தன்னைப் பற்றி எழுத வெட்கப்படுகிறாள், எழுதும்மா, அவள் வேலை செய்கிற குயிலாப்பாளையம் துணிக்கடைக்கு எதிரே லூர்துமேரி நடத்துகிற கெஸ்ட் ஹவுஸ் தோட்டத்தில் நிற்கிற குடைகளுக்கு அடியில் இருக்கிற இரும்பு வட்டம் நம் வண்டிச் சக்கரம் மாதிரியே இருக்கிறது என்றாள். மறுநாளே மூன்று பேரும் போனோம். பார்த்தால் அதே சக்கரம், அதே பெரிய வட்டம், ஐந்து ஓட்டை, நடு ஓட்டையில் குடைக் குழாயை நட்டுக் கல்லைக் கொட்டி வைத்திருக்கிறார்கள். உப்புக் காற்று எட்டாத இடம், வருஷா வருஷம் பச்சைப் பெயின்ட் வேறு. ஒவ்வொன்றாகக் கழுவி ஸ்பேனரால் தட்டிப் பார்த்தேன், கோயில் மணி மாதிரி கணீரென்றது. போல்ட் ஓட்டை நீளவில்லை. சிமெண்டுத் தரையில் உருட்டிவிட்டோம், ஒன்று மட்டும் குடிகாரன் நடை நடந்தது, அதைக் குடைக்கே விட்டுவிட்டோம், நாலு தேறியது. காசு என்றதும் லூர்துமேரி கையை ஆட்டினாள். காசு வேணாம்ணா, என் குடைய எது மேல நிக்க வைப்ப, அதச் சொல்லு என்றாள். அரவிந்தன் சட்டையைக் கழற்றிவிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க பழைய பெயின்ட் டப்பாவில் சிமெண்டு ஊற்றி அவள் குடைகளுக்குப் பாதம் செய்து கொடுத்தான். கோபம் எல்லாம் அந்த சிமெண்டோடு இறுகிப் போனது.

டயருக்குப் பாண்டிச்சேரியில் அலைந்தோம். ஒரு கடையில் நம் அளவுக்கே இருக்கு, பிரிக்காத டயர், விலையும் குறைச்சல் என்று எடுத்துப் போட்டான். மினுமினு என்றிருந்தது. நகத்தால் அழுத்தினேன், அமுங்கவே இல்லை, பலகை மாதிரி இருந்தது. டயர் சுவரில் பொறித்திருந்த வருஷத்தைப் படித்த நிவேதா சிரித்துவிட்டாள், "மாமா, இது எங்க கல்யாணத்துக்கு முந்தி பொறந்த டயர்." ஒரு நாள்கூட ஓடவில்லையே என்கிறான் கடைக்காரன். ஓடினாலும் ஓடாவிட்டாலும் ரப்பருக்கு வயசு ஆகிக்கொண்டுதானே இருக்கும், கும்பிடு போட்டுவிட்டு வந்தோம். இன்னொரு கடையில் லோடு வண்டி டயர், மலையையும் தூக்கும், ஆனால் சுவர் அவ்வளவு கெட்டி, காற்றைப் பிடுங்கினாலும் பிதுங்காது. கடைசியில் தேவநாதன் கடையில் கிடைத்தது, இந்த வருஷம் செய்த டயர், அகலம் ஒடுக்கமாக, சுவர் உயரமாக, முகடு இல்லாமல் நேர்க்கோடு போட்டது. எவ்வளவு பாரம் தாங்கும் என்று அதிலேயே எண் இருக்கிறது. அம்மன், பீடம், பூ அலங்காரம், பூசாரி அய்யனார் என்று நிவேதா கூட்டிப் பார்த்தாள், மேளக்காரர்கள் நடந்து வரட்டும் என்று அங்கேயே முடிவு செய்தோம். பழைய ரிம் டியூபுக்குச் செய்தது, அதனால் புது டியூபும் வாங்கினோம். தோப்பு மணலில் காற்றைப் பாதிக்கு மேல் இறக்கி ஓட்டினால், படுத்த மாட்டின் வயிறு பரவுகிற மாதிரி டயர் பரவி மேலேயே மிதந்து போகிறது. அரவிந்தன் தடத்தைக் கையால் சாண் போட்டுப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தான். அன்று சாயங்காலம் அவனே நாலு சக்கரத்துக்கும் வெள்ளைப் பெயின்ட் அடித்தான்.

மகத்தன்று காலை நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிக் கிளம்பினோம். பாத்திக் கரை முழுக்க நடை வேகம்தான், எல்லார் கற்பூரத்துக்கும் நின்றேன், என்ஜின் ஒரு முறைகூட முனகவில்லை. தோப்பு தாண்டி மணல் தொடங்குகிற இடத்தில் சுப்ராயன் டிராக்டரை நிறுத்தி, கயிற்றையும் கொக்கியில் தயாராக மாட்டி, மேலே உட்கார்ந்து கடலை தின்றுகொண்டிருந்தான். நான் காற்றை இறக்கினேன். மணலில் யாரும் தட்டு காட்டக் கூடாது, நின்றால் போச்சு, கடல் ஓரத்தில் ஈர மணலில் நிறுத்துகிறேன், அங்கே காட்டுங்கள் என்று பூசாரியை விட்டு மைக்கில் சொல்லியிருந்தேன். தெருவே தலையாட்டியது. உன் அம்மா எல்லாருக்கும் முன்னால் தலையாட்டினாள்.

பாதி மணல் தாண்டியிருப்பேன். இருக்கிறதிலேயே பொலபொலவென்ற இடம். அங்கே தட்டில் கற்பூரம் எரிய, இடுப்பில் மஞ்சள் தண்ணீர்க் குடத்தோடு ஒருத்தி வழியை மறித்து நிற்கிறாள். யார் என்று பார்த்தால் சாமுண்டீஸ்வரி, உன்னைப் பெற்றவள். உனக்கு அந்த ஊரில் நர்ஸ் லைசென்ஸ் கிடைத்தால் அம்மன் கண்ணுக்குக் கடல் தெரிகிற இடத்தில் சூடம் காட்டுகிறேன் என்று வேண்டியிருந்தாளாம், என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. சூடம் எரிகிற தட்டைத் தாண்டி அம்மனை ஓட்டிக்கொண்டு போக முடியுமா, பூங்குழலி? நிறுத்தினேன். பின்சக்கரம் மெல்ல அமுங்குவது என் இடுப்புக்குத் தெரிந்தது. பின்னால் டிராக்டர் ஸ்டார்ட் ஆகிற சத்தம் கேட்டது. அரவிந்தன் ஓடிவந்து தள்ளட்டுமா என்றான், வேண்டாம் என்றேன். கண்ணாடியில் பார்த்தேன், பச்சைப் பட்டில் அம்மன் உட்கார்ந்திருக்கிறாள். அப்போதுதான் உனக்காகக் கேட்டேன். வண்டிக்காகவும் கேட்டேன், மறைப்பானேன்.

உன் அம்மா நிதானமாக மூன்று சுற்று சுற்றினாள், தேங்காய் உடைத்தாள், குடத்து மஞ்சள் தண்ணீரை சக்கரத்துக்கு முன்னாலேயே கவிழ்த்தாள். அவளைப் பார்த்து, இனி நிறுத்தித்தானே ஆயிற்று என்று, பின்னால் வந்த பொம்பளைகள் எல்லாம் ஆளாளுக்குக் குடத்தைக் கவிழ்த்தார்கள். மஞ்சளும் வேப்பிலையுமாக மணல் நனைந்து கறுத்து இறுகியது. நான் கிளட்சை மிதித்து வண்டியை ஒரு சாண் தானாகப் பின்னால் போகவிட்டேன், அது படுத்த தடத்திலேயே. பிறகு முதல் கியர், ஆக்சிலேட்டரில் கால் பட்டும் படாமலும். டயர் சுற்றவில்லை, தோண்டவில்லை, ஈர மணலைக் கைப்பிடியாகப் பிடித்துக்கொண்டு ஏறியது. பூசாரி குனிந்து என் காதோரம், "இருசப்பா, நிறுத்தாத, ஆத்தா கெளம்பிட்டா" என்றான். குலவைச் சத்தத்தில் கடல் சத்தமே கேட்கவில்லை. அலை வந்து முன்சக்கரத்தை நனைக்கிற வரைக்கும் போய்த்தான் பிரேக் பிடித்தேன், ஊரே இறங்கி முழுகியது.

சுப்ராயன் கயிற்றை அவிழ்த்துச் சுருட்டிக்கொண்டே வந்தான். பூசாரியிடம் ஒரு மாலை வாங்கினான், எனக்குத்தான் போடப்போகிறான் என்று கழுத்தை நீட்டினேன், வண்டி மூக்கில் போட்டுவிட்டு, இனி வருஷா வருஷம் ரொட்டி வண்டிதான் என்று எல்லார் முன்னாலும் சொன்னான். என்னிடம் மட்டும், "ஆனா வீட்டம்மாவ வீட்லயே விட்டுட்டு வா" என்றான். உன் அம்மா இன்றைக்கு வரைக்கும் தெரிந்தேதான் ஊற்றினேன், ஈர மணலில் கால் புதையாது என்பது எனக்குத் தெரியாதா என்கிறாள். நான் நம்பவில்லை. ஆனால் மறுத்தும் பேசவில்லை, சோறு அவள் கையில் இருக்கிறது. அன்று சாயங்காலமே குடிக்கிற தண்ணீரை ஊற்றி நாலு சக்கரத்தையும் உப்புப் போகக் கழுவினோம், தெருவில் வீட்டுக்கு ஒரு குடம் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

மறுநாள் விடிந்ததும் தராசோடு பழைய இரும்புக்காரன் வாசலில் நிற்கிறான், யாரோ முன்கூட்டியே சொல்லிவைத்திருக்கிறார்கள். எந்த வண்டிங்க என்றான். நான் அவனைச் சும்மா அனுப்பவில்லை, உப்பு தின்ற பழைய ரிம்களையும் அரவிந்தனின் லேத்துத் தட்டுகளையும் தூக்கித் தராசில் வைத்தேன். அவ்ளோதானா என்று வண்டியைப் பார்த்தான். அவ்வளவுதான் என்றேன், மாலையைக்கூடக் கழற்றாமல் வண்டி அவனைப் பார்த்துக்கொண்டு நின்றது.

நீ அங்கே பழைய கார் வாங்கப்போவதாக அண்ணியிடம் சொன்னாயாம். பெயின்டைப் பார்த்து மயங்காதே, டயரில் வருஷத்தைப் படி, நகத்தால் அழுத்திப் பார், பனிக்கென்று தனி டயர் உண்டாமே, அதைக் குளிர் வரும் முன்பே மாட்டிவிடு. வேளைக்குச் சாப்பிடு, தலைக்குக் குளித்தால் நன்றாகத் துவட்டு. இதோடு அம்மன் குங்குமம் மடித்து வைத்திருக்கிறது, படித்து முடித்ததும் நெற்றியில் வைத்துக்கொள். கடலைக் கண்டு திரும்பிய அம்மன் உன்னைக் கண்ணில் வைத்துக் காப்பாள், நீ எடுத்த காரியம் எல்லாம் நின்றுபோகாமல் ஏற வேண்டும், நூறு வயசு நன்றாக இரு.

இப்படிக்கு,
ரொட்டி வண்டி ஓட்டுகிற
உன் அப்பா இருசப்பன்