என் பாட்டை நானே பாடுவேன்

2001 மார்ச் 14, புதன்

பத்து வருஷத்துக்குப் பிறகு இன்று எங்கள் ராக் பேண்ட் மறுபடி கூடியது. புது ஆல்பத்துக்காக, தங்கச் சுரங்க ஊரான ஊரிகத்தில் டேவிட் வீட்டில் ஒத்திகை. நான் எழுதிய பாட்டின் உச்சத்தில் என் குரல் உடைந்துவிட்டது. டேவிட் கிட்டாரை நிறுத்திவிட்டுத் தயங்கித் தயங்கிச் சொன்னான்.

"ஸ்டெல்லா, தப்பா எடுத்துக்காத. இத பெங்களூர்ல ஒரு சின்னப் பொண்ண வச்சுப் பாட வைக்கலாமா?"

டிரம்ஸ் வாசிக்கும் ராஜன் தலையைக் குனிந்துகொண்டான். நான் டேவிட்டைப் பார்த்துக் கேட்டேன்.

"இன்னாடா பேசுற? வயசானா தொண்ட இப்பிடித்தான் இருக்கும். சுருதிய இறக்கு. பாடுறது நான்தான்."

இறக்கினான். கனத்த குரலிலேயே முழுதாகப் பாடி முடித்தேன்.

"இன்னொரு வாட்டி," என்றான் ராஜன். டேவிட் மறுபடி கிட்டாரை மீட்டத் தொடங்கினான்.

சனிக்கிழமை ஒத்திகைக்கும் போவேன். என் வீட்டுக்காரரிடம் இன்னும் சொல்லவில்லை. காலையில் சொல்வேன். அனுமதி கேட்கப்போவதில்லை.