விட்டுவைத்த பதினோரு மரங்கள்

பிப்ரவரி 6

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் நலத்தை எழுத உனக்கு நேரமிருக்காது. மரப்பட்டையில் ஒட்டிக்கிடக்கும் உன் செல்லப்பிள்ளைகளின் நலத்தையாவது நான் எழுதுகிறேன். வெட்டுப் பகுதியில் நீ குறி போட்ட பதினோரு கிழட்டு மரங்களையும் விட்டுவைத்துவிட்டேன். மேலதிகாரி விடுவாரா? “ஒரு ரேஞ்சர், அக்காவோட பாசிக்காக பதினோரு மரத்தை விடுவாராய்யா?” என்றார். “பாசி இல்ல சார், லைக்கன். பாசியும் பூஞ்சையும் சேர்ந்து வாழுற உயிர்” என்றேன். நீ பெருமைப்படலாம்.

சுற்றியிருந்ததை எல்லாம் வெட்டி எடுத்தாயிற்று. உன் மரங்கள் இப்போது சாலையிலிருந்தே தெரிகின்றன. வந்து பார்.

உன் தம்பி,
கோடாலி

ஏப்ரல் 19

அன்புத் தம்பிக்கு,

வந்தேன். நீ கூட்டத்துக்குப் போயிருந்தாய், நல்லதாகப் போயிற்று. உன் முன்னால் அழுதிருப்பேன். பச்சையாய்ப் படர்ந்திருந்த லைக்கன் வெயிலில் வெளுத்துச் சுருண்டு, தொட்டால் பொடியாய் உதிர்கிறது. பக்கத்து மரங்களின் நிழலும் ஈரமும்தான் அதற்கு உயிர். அவற்றையும் கேட்டால் ஒன்றுமே கிடைக்காது என்று பயந்து, மரங்களை மட்டும் கேட்டேன். நீயும் கேட்டதை எண்ணிக் கொடுத்துவிட்டாய். உன்மேல் கோபப்பட நியாயமில்லை. ஆனாலும் கோபமாக இருக்கிறது.

அந்த வகை இந்த மலையில் வேறெங்கும் இல்லை. மிஞ்சிய துணுக்குகளை ஓடையோரத்து மரங்களில் நூலால் கட்டியிருக்கிறேன். பிடிக்கும் என்று தோன்றவில்லை. வேளைக்குச் சாப்பிடு.

உன் அக்கா

செப்டம்பர் 2

அன்புள்ள அக்காவுக்கு,

ஓடைக்குப் போய்ப் பார்த்தேன். நூல்தான் இருக்கிறது. மனசே சரியில்லை.

உன் ஆய்வறிக்கை இந்த மாதம் எங்கள் அலுவலகத்துக்கு வரவேண்டும். லைக்கன் செத்துவிட்டது என்று எழுதினால், அந்த மரங்களை விட்டுவைக்க, வனச்சரக அலுவலராக என்னிடம் காரணம் இல்லை. உயிரோடு இருக்கிறது என்று ஒரு வரி எழுது. யார் வந்து பார்க்கப் போகிறார்கள்? முந்நூறு வயது மரங்கள் அக்கா. சண்டை போட்டு வாங்கியவை. நான் உன்னிடம் எதுவும் கேட்டதில்லை, இதைக் கேட்கிறேன்.

தம்பி

செப்டம்பர் 10

அன்புத் தம்பிக்கு,

நீ சொன்ன வரியை எழுதியும் பார்த்தேன். அனுப்பினால் என்ன ஆகும்? மரத்தைத் தனியாக விட்டாலே லைக்கன் பிழைக்கும் என்று உன் அலுவலகம் எடுத்துக்கொள்ளும். மேற்குச் சரிவையும் இப்படியே மொட்டையடிப்பார்கள். அங்கே நான் குறி போட்ட ஆறு மரங்களில் இன்னும் இரண்டு வகை உயிரோடு இருக்கின்றன.

செத்துவிட்டது என்றே எழுதி அனுப்பிவிட்டேன். அந்த மரங்களை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது. திட்டியாவது நாலு வரி எழுது.

உன் அக்கா

நவம்பர் 4

மதிப்பிற்குரிய ஆய்வாளர் அவர்களுக்கு,

தங்கள் அறிக்கை கிடைக்கப்பெற்றது. அதன்படி பதினோரு மரங்களும் வரும் திங்கள் முதல் வெட்டப்படும்.

மேற்குச் சரிவில் தாங்கள் குறியிட்ட ஆறு மரங்கள் விட்டுவைக்கப்பட்டு, சுற்றியுள்ளவை வழக்கமான முறைப்படி அகற்றப்படும். பட்டை மாதிரிகள் தேவையெனில், அலுவலக நேரத்தில் வந்து பெற்றுக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
வனச்சரக அலுவலர்