உயிரிக் குழு

2008 ஆடி, வெள்ளிக்கிழமை

அரசாங்க ஆலோசனைக் குழு இன்று எங்கள் ஊர் மண்ணரைக்கு வந்தது. உயிரிப் பொருளாதாரம் என்றார்கள். உயிர் என்றதும், சாயப்பட்டறைத் தொட்டியைக் கழுவ இறங்கி விஷவாயுவில் செத்துப்போன என் வீட்டுக்காரரைப் பற்றித்தான் விசாரிக்கிறார்கள் என்று அவர் போட்டோவோடு ஓடினேன்.

"அந்த உயிர் இல்லீங்கம்மா. சாயத்தைத் தின்கிற கிருமியைச் சொல்றோமுங்க" என்றார் குழுத் தலைவர்.

"அப்ப இனிமேல் தொட்டிக்குள்ள யாரும் எறங்க வேண்டாமுங்களா?"

"கழுவறதுக்கு மட்டும் எறங்கோணுமுங்க" என்று சிரித்தார் பட்டறை மேனேஜர். குழுவின் காரிலேயே வந்திறங்கியவர்.

கிருமித் திட்டத்துக்கு ஊர்ச் சம்மதம் என்று ஒரு தாளை நீட்டினார்கள். முதல் பெயரே என்னுடையது, முன்னமே டைப் அடித்திருந்தார்கள். நான் வருவேன் என்று யார் சொன்னது? கையெழுத்துப் போடாமல் வந்துவிட்டேன்.

என் கையெழுத்து நாலு எழுத்துதான். அதை அவர்களே போட்டுக்கொள்ள எவ்வளவு நேரமாகும்?