கேமராவுக்கு வைத்த பொட்டு

6-10-97, திங்கள்
விமானக் கதவுத் தகடு வந்துவிட்டது. ரோபோக் கை தன் கேமராவால் மூலைக் குறிகளைப் பார்த்து ரிவெட் துளைகளைப் போட வேண்டும். புரோகிராம் என்னுடையது. அடுத்த திங்கள், விமானம் கட்டும் பெங்களூர்க்காரர்கள் முன்னால் சோதனை. தேறினால் கதவு வேலை முழுக்க எங்கள் கம்பெனிக்கு.

8-10-97
பழைய தகட்டில் ஓட்டிப் பார்த்தேன். ஒரு துளையும் பிசகவில்லை. "மிசினே எல்லாஞ் செய்யுது, அப்பறம் அம்மணிக்கு என்னங்க வேலை?" என்றார் மேனேஜர் கோபாலசாமி. எல்லோரும் சிரித்தார்கள்.

10-10-97, ஆயுத பூஜை
லேத்துக்கு, லாரிக்கு, தராசுக்கு, எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம். முதலாளி கோவிந்தராஜுலு கேமராவின் கண்ணாடியிலேயே பொட்டு வைத்தார். "அதுக்கும் கண்ணு இருக்குதுங்களே அம்மணி!" துடைக்கப் போனேன். கோபாலசாமி குறுக்கே வந்து நின்றார். "மொதலாளி கையால வெச்சதுங்க. அழிக்கப்படாதுங்க." சரி, திங்கள் காலை துடைத்துக்கொள்ளலாம்.

13-10-97
சோதனை நாள்.

காலையில் நுழைந்ததுமே முதலாளி பன்னீர்ச் சொம்பை நீட்டினார். "பொம்பளைங்க நின்னு வரவேத்தாத்தானுங்க லட்சணம்." அங்கே பொம்பளை நான் ஒருத்திதான். எம்.இ. படிச்சது பன்னீர் தெளிக்கவா? கண்ணாடியைத் துடைத்துவிடுங்கள் என்று கோபாலசாமியிடம் சொல்லிவிட்டுத்தான் வாசலுக்குப் போனேன். தலையாட்டினார். துடைக்கவில்லை. நான் வருவதற்குள் ஓட்டியும்விட்டார். பொட்டின் விளிம்பைக் குறியென்று எடுத்துக்கொண்டு, வரிசை முழுவதையும் தள்ளித் துளைத்திருக்கிறது கை. தகடு பாழ்.

"அம்மணி புரோகிராமுல தப்புங்க." எல்லோர் முன்னாலும்! பொட்டைப் பாருங்கள் என்றேன். யார் பார்த்தார்கள்? முதலாளி மட்டும் பார்த்தார் — பார்த்துவிட்டுத் தரையைப் பார்த்தார்.

14-10-97
தப்பு என்னுடையது என்று கையெழுத்துக் கேட்கிறார்கள். போட மாட்டேன்.

15-10-97
முதலாளியைக் கூட்டிப்போய் ரோபோ முன் நிறுத்தினேன். பொட்டோடு ஓட்டினேன், அதே மாதிரி தள்ளிப் போனது. துடைத்துவிட்டு ஓட்டினேன், சரி. "பெங்களூருக்கு நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?" என் குரல்தானா அது?

"சாமி காரியம் ஆச்சுங்களே..." என்று இழுத்தார். சாமியா வந்து வெச்சுது? இவர் வெச்சது!

17-10-97
முதலாளியே பெங்களூருக்குப் போன் போட்டு நடந்ததைச் சொல்லிவிட்டாராம். என்னிடம் சொல்லத்தான் வாய் வரவில்லை. மறு சோதனை 27-ந்தேதி.

27-10-97
யார் கூப்பிட்டும் ரோபோவை விட்டு நகரவில்லை. எல்லாத் துளையும் சரி. ஒருவரும் மன்னிப்பு என்று வாய் திறக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை.

வாசலில் இன்று பன்னீர்ச் சொம்போடு நின்றவர் கோபாலசாமி. பழக்கமில்லாத கை. பெங்களூர் அதிகாரி மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே உள்ளே வந்தார்.